ஐந்து ஆண்டுகள், 1,38,000 ரூபாய்: ஒரு தனியார் தொடக்கப் பள்ளியைப் பற்றிய மதிப்புரை

காங்கேயத்தை ஒட்டிய எங்கள் பகுதியில் இயங்கும் ஒரு தனியார் நர்சரி பிரைமரி பள்ளியில் என் மகள் 2018 ஜூனில் எல்.கே.ஜி. சேர்ந்தாள், 2023 ஏப்ரலில் மூன்றாம் வகுப்பை முடித்துக்கொண்டு வெளியே வந்தாள். பள்ளியின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. நான் சொல்லவிருக்கும் குறைகளில் பெரும்பாலானவை சுற்றுவட்டாரத்தில் உள்ள பத்துப் பள்ளிகளுக்கும் பொருந்தும் என்பதால் ஒன்றை மட்டும் அம்பலப்படுத்துவது நியாயமாகாது. மிக்ஸி வாங்குவதற்கு முன் நாலு பேரிடம் விசாரிக்கிற நாம், ஒன்றரை லட்சம் ரூபாய் வரை விழுங்கும் ஒரு சேவையைக் கட்டடத்தையும் வேனையும் பார்த்தே வாங்கிவிடுகிறோம். நான் அரிசி ஆலை ஒன்றில் கணக்கு எழுதுபவன். ரசீதுகளைத் தூக்கிப் போடும் பழக்கம் இல்லாததால், வாங்கியது என்ன, கொடுத்தது எவ்வளவு என்று எண்ணிப் பார்க்க முடிந்தது.

முதல் இரண்டு ஆண்டுகளில் நான் கட்டியது 26,000, 27,500; கொரோனா காலத்தில் வேன் ஓடாததால் 19,000; அடுத்த ஆண்டு 24,500; மூன்றாம் வகுப்பில் 41,000. இந்தக் கடைசித் தொகையைப் பிரித்துப் பார்த்தபோதுதான் எனக்குச் சற்றே உறைத்தது. அச்சிட்ட ரசீதில் கல்விக் கட்டணம் 19,500 ரூபாய். மற்றவை எல்லாம் முத்திரை இல்லாத ஒரு வெள்ளைச் சீட்டில் பேனாவால் எழுதிக் கொடுக்கப்பட்டவை: வேன் 9,000, புத்தகம் நோட்டு 4,800, சீருடையும் ஷூவும் 3,200, ஸ்மார்ட் வகுப்பும் கணினியும் 2,500, ஆண்டு விழாவும் இதரமும் 2,000. தனியார் பள்ளிக் கட்டணத்தை முறைப்படுத்த 2009-இல் இயற்றப்பட்ட சட்டத்தின் கீழ், கட்டண நிர்ணயக் குழு ஒன்று ஒவ்வொரு பள்ளிக்கும் மூன்றாண்டுக்கு ஒரு முறை தொகையை நிர்ணயிக்கிறது. அந்தக் குழுவின் கண்ணுக்குப் படுவது அச்சிட்ட ரசீது. வெள்ளைச் சீட்டு நம் கண்ணுக்கு மட்டும்தான் படும்.

மகளின் வகுப்பில் 34 குழந்தைகள். கல்விக் கட்டணமாக மட்டும் அந்த அறையிலிருந்து ஆண்டுக்கு 6,63,000 ரூபாய் வருகிறது. வகுப்பாசிரியைக்கு மாதம் 9,000 ரூபாய் சம்பளம் என்பது அவர் வேலையை விட்டுப் போகும் நாளன்று என் மனைவியிடம் சொல்லித் தெரியவந்தது. பன்னிரண்டு மாதமும் கொடுத்தார்கள் என்றே வைத்துக்கொண்டாலும் 1,08,000 ரூபாய்தான். அதாவது வசூலானதில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. கட்டட வாடகை, அலுவலகம், கணினி ஆசிரியர், ஆயா என்று பள்ளிக்கு வேறு செலவுகள் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனாலும் குழந்தை ஒன்றுக்கு வகுப்பாசிரியைக்காகச் செலவாவது ஆண்டுக்கு 3,176 ரூபாய் என்பதையும், சீருடைக்கும் ஷூவுக்கும் நான் கட்டியது 3,200 ரூபாய் என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்த பிறகு, அந்தத் தாளை நெடுநேரம் மடிக்காமல் வைத்திருந்தேன். ஒப்பிட வேண்டுமானால், அரசுப் பள்ளி இடைநிலை ஆசிரியரின் அடிப்படை ஊதியமே 20,600 ரூபாயில் தொடங்குகிறது.

இந்தச் சம்பளத்துக்கு யார்தான் நிலைத்து நிற்பார்கள்? மூன்றாம் வகுப்பில் ஜூனில் வந்த ஆசிரியை செப்டம்பரில் இல்லை. அவருக்குப் பின் வந்தவர் பொங்கலுக்குப் பிறகு வரவில்லை. ஆண்டை முடித்து வைத்தவர் மூன்றாமவர். மூவருமே பொறுமையானவர்கள், குழந்தைகளிடம் கடிந்து பேசாதவர்கள். ஆனால் எந்தக் குழந்தைக்கு எந்த எழுத்து தடுமாறுகிறது என்பதை ஒருவர் கண்டுபிடித்து முடிக்கும் நேரத்தில் அவர் போய்விடுகிறார்; அடுத்தவர் முதல் பாடத்திலிருந்து தொடங்காமல், டைரியில் விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறார். அமெரிக்காவில் சுமார் 25 லட்சம் குழந்தைகளின் பதிவுகளைப் பின்தொடர்ந்து ராஜ் செட்டி, ஜான் ஃப்ரீட்மன், ஜோனா ராக்காஃப் ஆகிய பொருளாதார அறிஞர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வு, மூன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் நல்ல ஆசிரியரிடம் படித்ததன் பலன் அந்தக் குழந்தைகள் வளர்ந்து சம்பாதிக்கும் தொகை வரைக்கும் தெரிகிறது என்று காட்டியது. எங்கள் வெள்ளைச் சீட்டில் அதற்கென்று ஒரு வரி கிடையாது.

நல்லதையும் சொல்லிவிட வேண்டும். ஐந்து ஆண்டுகளில் வேன் தாமதமாக வந்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கழிவறை சுத்தமாக இருந்தது. இதைச் சிறு விஷயமாக நினைப்பவர்கள் பெண் குழந்தையைப் பெற்றவர்களாக இருக்க முடியாது. ஆசிரியர்கள் மாறினாலும் ஆசிரியர் இல்லாத வகுப்பு என்று ஒரு நாளும் இருந்ததில்லை. இந்தியா முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு 2003-இல் முன்னறிவிப்பின்றிச் சென்று எடுத்த கணக்கில் ஏறத்தாழ நான்கில் ஓர் ஆசிரியர் பள்ளியில் இல்லை என்பது தெரியவந்தது. தனியார் பள்ளியைப் பெற்றோர் நாடுவதில் இந்த ஒரு காரணத்துக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். என் மனைவியும் வேலைக்குப் போகிறவர். மாலை ஐந்தரை வரை குழந்தையைப் பொறுப்பாக வைத்திருந்து வாசலில் இறக்கிவிடும் சேவையாக மட்டும் பார்த்தால், கொடுத்த பணத்துக்குக் குறை சொல்ல எதுவும் இல்லை.

குறை, படிப்பில்தான். அது எனக்குத் தெரியவந்ததும் பள்ளியால் அல்ல.

2022 தொடக்கத்தில் எங்கள் தெருக்கோடி மாரியம்மன் கோயில் மண்டபத்தில் இல்லம் தேடிக் கல்வி மையம் ஒன்று தொடங்கியது. கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்ததன் இழப்பை ஈடுகட்ட 2021 அக்டோபரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய திட்டம் அது. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில் தன்னார்வலர்கள் மாலை ஒன்றரை மணி நேரம் வரை சொல்லிக் கொடுப்பார்கள். எங்கள் தெருவில் பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு வீட்டில் இருந்த ஒரு பெண் அதை ஏற்றுக்கொண்டிருந்தார். அரசுப் பள்ளிக் குழந்தைகளுக்கான ஏற்பாடு என்றாலும், தம்பி மகனோடு போய் ஓரமாக உட்கார்ந்த என் மகளை யாரும் எழுப்பவில்லை. இருவருக்கும் ஒரே வயது, இரண்டாம் வகுப்பு. அவன் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, இவள் ஆங்கில வழி.

மூன்றாம் நாள் அந்தப் பெண் என்னைக் கூப்பிட்டனுப்பினார். மகளின் ஆங்கிலப் புத்தகத்தில் கிளிப் படம் போட்ட பக்கம் திறந்திருந்தது. அந்தப் பக்கத்தில் இருந்த நாலு வரியையும் வீட்டில் அவள் மணிமணியாக ஒப்பிப்பதைக் கேட்டுப் பூரித்திருக்கிறேன். "படத்தை மறைச்சுட்டு நீங்களே கேட்டுப் பாருங்கண்ணா" என்றார். உள்ளங்கையால் கிளியை மறைத்து மூன்றாவது வரியில் விரலை வைத்தேன். மகள் முதல் வரியைச் சொன்னாள். நான்காவது வரியில் வைத்தபோதும் முதல் வரிதான் வந்தது. தமிழிலாவது படிக்கிறாளா என்று பார்த்தால், 'பட்டம்' என்ற சொல்லைப் 'படம்' என்றாள். ஒற்று அவள் கண்ணில் படவே இல்லை. அந்தப் பருவத்துக்கான மதிப்பெண் அட்டையில் அவளுக்குத் தமிழில் 94, ஆங்கிலத்தில் 97.

அந்த 97-ஐப் பற்றிப் பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். தேர்வுக்கு முன் கேள்வியும் விடையும் நோட்டில் எழுதிப்போடப்படும். அதே கேள்வி தாளில் வரும். குழந்தை எழுத்துகளின் வடிவத்தை நினைவிலிருந்து வரைந்துவிடும். பொய் மதிப்பெண் என்று இதைச் சொல்ல முடியாது. அளந்தது வேறு, அவ்வளவுதான். கட்டணம் கட்டுபவன் பெற்றோன், அளவுகோல் பள்ளியின் கையில், அளக்கப்படும் பிள்ளைக்கோ வாய் திறக்கும் வயது இல்லை. எங்கள் ஆலையில் எடை மேடையை நெல் விற்க வந்தவர் கையிலேயே கொடுத்துவிட்டு மூட்டைக் கணக்கு எழுதினால் எப்படி இருக்கும்?

ஆங்கிலம் என்ற சொல்தான் எங்களை இந்தப் பள்ளிக்கு இழுத்தது என்பதால் அதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பொருளாதார அறிஞர் மைக்கேல் கிரெமரும் அவருடைய கூட்டாளிகளும் கென்யாவின் ஊரகப் பள்ளிகளுக்குப் பாடநூல்களை இலவசமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். முன்பே நன்றாகப் படித்துக்கொண்டிருந்த குழந்தைகள் மட்டுமே அதனால் முன்னேறினார்கள். மற்றவர்களிடம் மாற்றம் இல்லை. பாடநூல் ஆங்கிலத்தில் இருந்தது. அந்தக் குழந்தைகள் பலருக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி. வீட்டில் ஒரு வார்த்தைகூட ஆங்கிலம் புழங்காத என் மகளுக்கு, தண்ணீர் நீராவியாகும் பாடத்தை ஆங்கிலத்தில் வைத்தபோது அவள் எதைப் படித்தாள் என்று எனக்கு இப்போது விளங்குகிறது. ஆங்கிலம் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேலைச் சந்தையில் அதற்கு விலை உண்டு, அது எனக்கும் தெரியும். ஆங்கிலத்தைக் கற்பிப்பது ஒரு வேலை, ஆங்கிலத்தால் கற்பிப்பது இன்னொரு வேலை. 9,000 ரூபாய்ச் சம்பளத்தில் முதலாவதைச் செய்யக்கூடியவரே அரிது.

தனியார் பள்ளி உண்மையில் எவ்வளவு கூடுதலாகக் கற்றுக்கொடுக்கிறது என்பதை ஆந்திராவில் குலுக்கல் முறையில் சோதித்திருக்கிறார்கள். கார்த்திக் முரளிதரன், வெங்கடேஷ் சுந்தரராமன் என்ற இரு ஆய்வாளர்கள் 180 கிராமங்களில், அரசுப் பள்ளிக் குழந்தைகள் சிலருக்குக் குலுக்கலில் தனியார் பள்ளிக் கட்டணம் கிடைக்கச் செய்து, நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, குலுக்கலில் விழாதவர்களோடு ஒப்பிட்டார்கள். தெலுங்கிலும் கணக்கிலும் இரு பக்கமும் ஒன்றுதான். தனியார் பள்ளியில் கூடுதலாகச் சொல்லிக்கொடுக்கப்பட்ட இந்தியில் மட்டும் அங்கே படித்தவர்கள் தெளிவாக முந்தினார்கள். சாதாரணமாகப் பார்க்கும்போது தனியார் பள்ளிக் குழந்தைகள் கெட்டிக்காரர்களாகத் தெரிவதன் பெரும்பகுதி, எந்த வீட்டுக் குழந்தைகள் அங்கே சேர்கிறார்கள் என்பதில் இருக்கிறது என்பதுதான் இதன் பொருள். இந்தியக் கிராமக் குழந்தைகளின் வாசிப்பையும் கணக்கையும் அளக்கும் ஏசர் கணக்கெடுப்பின் 2022-ஆம் ஆண்டு அறிக்கையில் ஊரகத் தனியார் பள்ளிகளின் ஐந்தாம் வகுப்பில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் 56.8 விழுக்காடு, அரசுப் பள்ளிகளில் 38.5 விழுக்காடு. இந்த வித்தியாசத்தைப் பள்ளியின் சாதனையாக விளம்பரப் பலகையில் எழுதுபவர்கள், அதே கணக்கில் தங்கள் பக்கத்துக் குழந்தைகள் நூற்றுக்கு நாற்பத்து மூன்று பேருக்குப் படிக்கத் தெரியவில்லை என்பதையும் சேர்த்து எழுதலாம்.

ஆந்திர ஆய்வுக்கு இன்னொரு முகமும் உண்டு. அதை மறைத்தால் நான் ஓரவஞ்சனை செய்தவனாவேன். அந்தத் தனியார் பள்ளிகள் ஒரு குழந்தைக்குச் செய்த செலவு, அரசுப் பள்ளியின் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அதே படிப்பை மூன்றில் ஒரு பங்குச் செலவில் கொடுத்தால் அது திறமைதானே என்று பள்ளி உரிமையாளர் கேட்கலாம். கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தச் சிக்கனத்தின் பலன் நாட்டின் கணக்கில் வரவு. என் வீட்டுக் கணக்கில் அது செலவு. அரசுப் பள்ளியில் நான் கட்ட வேண்டிய தொகை பூஜ்யம். புத்தகமும் சீருடையும் மதிய உணவும் அங்கே இலவசம்.

மண்டபத்துக்குத் திரும்புகிறேன். அந்தப் பெண் வகுப்பைப் பார்த்து உட்கார வைக்கவில்லை. படிக்கத் தெரிந்த அளவைப் பார்த்து உட்கார வைத்தார். எழுத்து தெரியாதவர்கள் ஒரு வட்டம், சொல் படிப்பவர்கள் ஒரு வட்டம், பத்தி படிப்பவர்கள் ஒரு வட்டம். என் மகள் நான்காம் வகுப்புப் பையன் ஒருவனோடு முதல் வட்டத்தில் இருந்தாள். தம்பி மகனும் அங்கேதான் இருந்தான் என்பதில் எனக்கு அற்பமான ஓர் ஆறுதல். தினமும் பத்து நிமிடம் ஒவ்வொரு வட்டத்திலும் ஒருவர் மாற்றி ஒருவர் சத்தமாகப் படிக்க வேண்டும். பிழை வந்த சொல்லைத் தரையில் சாக்பீஸால் எழுதி, ஒற்றெழுத்தை மட்டும் சிவப்பில் போடுவார். சித்திரை முடிவதற்குள் 'பட்டம்' பட்டமாகிவிட்டது. ஆடியில் அவள் தினத்தந்தித் தலைப்பை எழுத்துக் கூட்டாமல் படித்தாள்.

இது எங்கள் தெருவுக்கு மட்டும் வாய்த்த அதிர்ஷ்டம் அல்ல. மும்பையிலும் வடோதராவிலும் பின்தங்கிய குழந்தைகளைத் தனியே எடுத்து அடிப்படையிலிருந்து சொல்லிக்கொடுக்க, மாதம் 500 முதல் 750 ரூபாய்க்கு உள்ளூர்ப் பெண்களை பிரதம் என்ற தொண்டு அமைப்பு நியமித்ததையும், அதனால் கடைசி வரிசைக் குழந்தைகள்தான் அதிகம் முன்னேறினார்கள் என்பதையும் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் கூட்டாளிகளோடு அளந்து காட்டினார்கள். கிரெமரோடு சேர்ந்து இருவரும் 2019-இல் பொருளாதார நோபல் பெற்ற பணிகளில் இதுவும் அடங்கும். தமிழ்நாட்டிலேயே, ஊரகத்தில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளைத் தொடர்ந்து சோதித்த அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோரின் ஆய்வு, பள்ளிகள் திறந்த ஆறு மாதங்களுக்குள் கொரோனா இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீட்கப்பட்டது என்றும், அந்த மீட்பில் சுமார் 24 விழுக்காடு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்றும் சொல்கிறது. எங்கள் பள்ளியின் ஸ்மார்ட் வகுப்புக்கு நான் ஓர் ஆண்டில் கட்டிய 2,500 ரூபாய், ஒரு தன்னார்வலரின் இரண்டரை மாத ஊக்கத்தொகை.

இதைப் பள்ளியில் சொல்லிப் பார்த்தேன். 2022 ஜூனில் அரசுப் பள்ளிகளில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லிக்கொடுப்பதுபோல வாரத்தில் இரண்டு மணி நேரமாவது இங்கேயும் செய்யலாமே என்று முதல்வரிடம் கேட்டேன். மரியாதையாகத்தான் பதில் சொன்னார்: "சார், உங்க பாப்பா கீழ் குரூப்ல இருக்கான்னு சொன்னா நீங்க ஒத்துக்குவீங்க. மத்த பேரண்ட்ஸ் டி.சி. கேப்பாங்க." அவர் சொன்னது உண்மை என்றே நினைக்கிறேன். பெற்றோராகிய நாங்கள் எதைக் கேட்டு வாங்குகிறோமோ அதைத்தான் அவர் விற்கிறார்; நாங்கள் கேட்பது டை கட்டிய குழந்தை ஆங்கிலத்தில் பாட்டுச் சொல்வது.

2023 ஜூனில் மகளைத் தம்பி மகன் படிக்கும் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் நான்காம் வகுப்பில் சேர்த்தோம். அது சொர்க்கம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர்கள். தலைமை ஆசிரியை கூட்டத்துக்கும் பயிற்சிக்கும் போகிற நாட்களில் ஒருவர்தான். கழிவறையைப் பற்றி எழுதாமல் இருப்பதே நல்லது. ஆனால் 43 குழந்தைகளில் ஒவ்வொருவரும் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்று அந்த ஆசிரியை ஏட்டைப் பார்க்காமல் சொல்கிறார்; ஒன்பது ஆண்டுகளாக அதே பள்ளியில் இருக்கிறார். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் நான் கழிவறையைப் பற்றி எழுந்து பேசியபோது, இத்தனை நாள் என்னைப் போன்றவர்கள் பிள்ளைகளை வேனில் ஏற்றி அனுப்பிவிட்டதால்தான் இதைக் கேட்க அங்கே ஆளில்லாமல் போனது என்பதும் உறைத்தது.

மாற்றலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு நடைமுறைச் செய்தி. மாற்றுச் சான்றிதழைத் தருவதற்கு எங்களிடம் அடுத்த ஆண்டின் முதல் தவணையைக் கேட்டு இரண்டு வாரம் இழுத்தடித்தார்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி சான்றிதழை உடனே தர வேண்டும். அது தாமதமானாலும் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்க முடியாது. சட்டப் பிரிவு 5 என்று எழுதி ஒரு கடிதம் கொடுத்த மறுநாள் சான்றிதழ் கிடைத்தது.

யாருக்கு இந்தப் பள்ளியைப் பரிந்துரைப்பேன் என்று கேட்டால், மாலையில் பக்கத்தில் உட்கார்ந்து படத்தை மறைத்துவிட்டுப் படிக்கச் சொல்லும் ஒருவர் வீட்டில் இருந்தால் தாராளமாகச் சேர்க்கலாம். ஐந்துக்கு இரண்டரை கொடுப்பேன். அதில் ஒன்றரை வேன் ஓட்டுநருக்கும் ஆயாவுக்கும். சேர்வதற்கு முன் அலுவலகத்தில், போன ஆண்டு ஒன்றாம் வகுப்பு எடுத்த ஆசிரியர்களில் எத்தனை பேர் இந்த ஆண்டும் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். இரண்டாம் வகுப்புக் குழந்தை ஒன்றை, அதன் புத்தகத்தில் இல்லாத ஒரு பத்தியைப் படிக்க வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

2024 ஜூனில் நானே அதைக் கேட்டேன். தம்பி தன் இளைய மகளுக்கு எல்.கே.ஜி. இடம் கேட்டு, துணைக்கு என்னையும் அதே அலுவலகத்துக்கு அழைத்துப் போயிருந்தான். அவன் மனைவி ஊத்துக்குளிப் பக்கம் பனியன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அவள் வீடு திரும்ப மணி ஆறாகும். ஆசிரியர்களைப் பற்றிய கேள்விக்கு எழுத்தர் என்னை ஒரு முறை பார்த்துவிட்டுத் தம்பியிடம் திரும்பி, "வேன் எந்த ஸ்டாப்புங்க?" என்று கேட்டார். மாரியம்மன் கோயில் என்றான் தம்பி. முன்பணம் கட்டிவிட்டு வரும்போது ரசீதை என்னிடம் கொடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னான். வெள்ளைச் சீட்டும் கூடவே இருந்தது.